ஹேவ் போடணுமா, ஹேட் போடணுமா? ரெஃபரல் லெட்டரில் எப்போதும் இதில்தான் சிவப்பு வட்டம்

குலசேகரம்_நர்ஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சர்ஜிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன். வெளிநாடு போக ஓ.இ.டி. (மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதலாம் என்று படிக்கிறேன். லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றும் ஓரளவு வருகிறது. ரைட்டிங்கில்தான் தட்டுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸைக் கையில் தருவார்கள். படிக்க ஐந்து நிமிடம், எழுத நாற்பது நிமிடம். 180 முதல் 200 வார்த்தைக்குள் இன்னொரு நர்ஸுக்கோ டாக்டருக்கோ கடிதம் எழுத வேண்டும். நோட்ஸில் முழு வாக்கியமே இருக்காது. "டயபெட்டிஸ் 2012", "வார்ஃபரின் மூன்று வருடம்" என்று துண்டு துண்டாக இருக்கும். வினைச்சொல்லை நாம்தான் போட வேண்டும். அங்கேதான் எனக்குக் குழப்பம்.

இந்த வாரப் பயிற்சியில் ஒரு பெரியவர். மார்ச் 3 அட்மிஷன், மார்ச் 4 ஹெர்னியா ஆபரேஷன், மார்ச் 6 டிஸ்சார்ஜ். கடிதத் தேதியும் மார்ச் 6. ஆறு மாதமாக வீக்கம் இருந்திருக்கிறது. 2012 முதல் சர்க்கரை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்தை ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்தி, மார்ச் 5 மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். நான் எழுதியது:

"ஹி ஹேட் டயபெட்டிஸ் சின்ஸ் 2012."

"ஹி ஹேஸ் பீன் அட்மிட்டட் ஆன் 3 மார்ச்."

"ஹி ஹேஸ் எ ஸ்வெல்லிங் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ் பிஃபோர் அட்மிஷன்."

"வார்ஃபரின் ஹேஸ் பீன் ஸ்டாப்ட் ஃபைவ் டேஸ் பிஃபோர் சர்ஜரி."

நாலிலும் சிவப்பு வட்டம். ஏன் என்று திருத்தியவர்களைக் கேட்டால், "சமீபத்தில் நடந்தது என்றால் ஹேவ், ஹேஸ். ரொம்ப முன்னால் நடந்தது என்றால் ஹேட். இது தெரியாதா?" என்றார்கள். அந்த ரூல்படிதான் எழுதினேன்! 2012 பழசு, அதனால் ஹேட். மார்ச் 3 இப்போதுதான், அதனால் ஹேஸ். பிறகு ஏன் வட்டம்? யாராவது பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

மார்த்தாண்டம்_பையன்:

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. ஹேவ், ஹேஸ் கூட மூன்றாம் வடிவம் போட்டால் ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட். ஹேட் கூடப் போட்டால் பாஸ்ட் பெர்ஃபெக்ட். அது கிட்டத்தில் நடந்தது, இது தூரத்தில் நடந்தது. கேஸ் நோட்ஸில் எல்லாமே முடிந்துபோன விஷயம்தானே, எல்லாவற்றுக்கும் ஹேட் போட்டுவிடுங்கள். சேஃப்.

தக்கலை_ஓய்வு_வாத்தியார்:

மார்த்தாண்டம் தம்பி கோபப்படக் கூடாது. இந்தக் கிட்டம், தூரம் கணக்கை நம் மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களிலும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இதோடு வந்து நிற்கும். எங்கிருந்து வருகிறது என்று கடைசி வரை பிடிபடவில்லை. தப்பான ரூல். அதைத் தூக்கி வெளியே வை மக்களே, பிறகு பேசலாம்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரை வைத்தே சொல்கிறேன். உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் கல்லறை இருக்கிறதல்லவா? டச்சுக்காரர்களுக்காகக் கொளச்சலில் சண்டைக்கு வந்து, தோற்று, பிடிபட்டு, பிறகு மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். இறந்தது 1777-ல். அவரைப் பற்றி மூன்று வாக்கியம்:

"டி லனாய் ஃபாட் அட் கொளச்சல் இன் 1741." ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முந்தைய சண்டை. ஹேட் வந்ததா? வரவில்லை. வருடத்தைச் சொல்லியாயிற்று, சம்பவம் முடிந்தாயிற்று. சாதாரண பாஸ்ட் போதும். எவ்வளவு பழசானாலும் அதுதான்.

"டி லனாய் ட்ரெயின்ட் தி ட்ராவன்கூர் ஆர்மி. ஹி ஹேட் ஃபாட் அகெய்ன்ஸ்ட் இட் அட் கொளச்சல்." அதே கொளச்சல் சண்டைதான். இப்போது ஹேட் வந்துவிட்டது. சண்டை பழசாகவில்லை, பேசுகிற நாம்தான் இடம் மாறிவிட்டோம். முதலில் அவர் பயிற்சி கொடுத்த காலத்தில் போய் நின்றுகொண்டோம். அங்கே நின்றபடி இன்னும் பின்னால் திரும்பிப் பார்க்கிறோம். அதற்குத்தான் ஹேட்.

"ஹிஸ் க்ரேவ் ஹேஸ் பீன் இன் உதயகிரி ஃபோர்ட் ஃபார் மோர் தேன் டூ ஹன்ட்ரட் இயர்ஸ்." இருநூறு வருடத்துக்கு மேலான கதைக்கு ஹேஸ்! கல்லறை இன்றைக்கும் அங்கே இருக்கிறது. நாம் இன்றில் நின்று பேசுகிறோம்.

ஆகவே எத்தனை வருடம் என்று எண்ணாதே. எங்கே நின்று திரும்பிப் பார்க்கிறாய் என்று பார். இன்றில் நின்றால் ஹேவ், ஹேஸ். கடந்த காலத்தில் ஒரு நாளில் நின்று அதற்கும் முன்னால் போனால் ஹேட். தேதி போட்ட ஒற்றைச் சம்பவம் என்றால் இரண்டும் வேண்டாம்.

உன் கடிதத்தில் "இன்று" என்பது மார்ச் 6. அதை முதலில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள். இப்போது உன் நாலு வரி.

சர்க்கரை 2012-ல் வந்தது, மார்ச் 6-லும் இருக்கிறது. "ஹி ஹேஸ் ஹேட் டயபெட்டிஸ் சின்ஸ் 2012." ஹேஸ், ஹேட் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதே என்று மிரளாதே. முதலாவது துணைவினை, இரண்டாவது "ஹேவ்" என்ற வினையின் மூன்றாம் வடிவம்.

அட்மிஷனுக்குத் தேதி இருக்கிறது. "ஹி வாஸ் அட்மிட்டட் ஆன் 3 மார்ச்." மூன்று நாள்தானே ஆகிறது என்று ஹேஸ் போட ஆசை வரும். தேதியோ "யெஸ்டர்டே"யோ "லாஸ்ட் வீக்"கோ "சின்ஸ்" இல்லாமல் அதே வாக்கியத்தில் வந்துவிட்டால் ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் கூடாது. தேதி இல்லாமல் எழுதினால் "ஹேஸ் பீன் அட்மிட்டட்" சரி. ஆனால் அதைப் படிப்பவர் ஆள் இன்னும் வார்டில் படுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார். உன் ஆளோ டிஸ்சார்ஜ் ஆகிறார்.

வீக்கம். மார்ச் 3-ல் அவர் வந்து நிற்கிறார், அதற்கு முந்தைய ஆறு மாதத்தைச் சொல்கிறாய். "ஹி ஹேட் ஹேட் எ ஸ்வெல்லிங் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ் பிஃபோர் அட்மிஷன்." இரண்டு ஹேட். அழகாக இல்லை, ஆனால் இலக்கணம் சரி. கண்ணை உறுத்தினால் "ஹேட் நோட்டீஸ்ட் எ ஸ்வெல்லிங் சிக்ஸ் மந்த்ஸ் பிஃபோர் அட்மிஷன்" என்று மாற்றிக்கொள்.

நாலாவது வரிதான் ஆபத்தானது. அதில் மார்க்கை விடப் பெரிய விஷயம் இருக்கிறது. "வார்ஃபரின் ஹேஸ் பீன் ஸ்டாப்ட்" என்று படிக்கிறவர், மருந்து இன்றைக்கும் நிறுத்தப்பட்டே இருக்கிறது என்று நினைப்பார். உன் நோட்ஸ்படி மார்ச் 5-லேயே மறுபடி ஆரம்பித்தாயிற்று. "வார்ஃபரின் வாஸ் ஸ்டாப்ட் ஃபைவ் டேஸ் பிஃபோர் சர்ஜரி அண்ட் வாஸ் ரீஸ்டார்ட்டட் ஆன் 5 மார்ச்." இங்கே "ஹேட் பீன் ஸ்டாப்ட்" என்றாலும் தப்பில்லை. ஆனால் "பிஃபோர்" என்ற சொல்லே எது முன்னால் என்று காட்டிவிடுகிறது. "பிஃபோர்", "ஆஃப்டர்" இருக்கும் இடத்தில் ஹேட் போடுவது பெரும்பாலும் உன் இஷ்டம்.

இன்னொன்று. நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் ஹேட் தேவையில்லை. "ஹி ஸ்மோக்ட் ஃபார் ட்வென்டி இயர்ஸ் அண்ட் க்விட் இன் 2018." முதலில் புகைத்தார், பிறகு விட்டார். வரிசையே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. வரிசை திரும்பும்போது மட்டும்தான் ஹேட்டைக் கூப்பிட வேண்டும்.

நம்முடைய பிள்ளைகள் ஹேட்டை அள்ளிப் போடுவதற்கு நம் பேச்சும் ஒரு காரணம். "நேற்று உங்க வீட்டுக்கு வந்திருந்தேன், நீங்க இல்ல" என்று சொல்கிறோம். தமிழில் அது சரிதான். வந்து, திரும்பியும் போய்விட்டேன் என்பது அதில் அடங்கிவிடும். அதை அப்படியே தூக்கி "ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே" என்று வைத்தால், கேட்கிற வெளிநாட்டுக்காரர் "சரி, அப்புறம் என்ன நடந்தது?" என்று அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். ஹேட் என்று தொடங்கினால் எதற்கு முன்னால் என்பது வந்தாக வேண்டும். ஒரே ஒரு சம்பவம் என்றால் "ஐ கேம்", முடிந்தது.

யார்க்‌ஷயர்_ஸ்டாஃப்_நர்ஸ்:

தங்கச்சி, நான் கருங்கல்காரி, இப்போது இங்கிலாந்தில் வேலை. சார் சொன்ன வார்ஃபரின் விஷயத்தை இரண்டு தடவை படி. பரீட்சை முடிந்த பிறகும் இது விடாது.

இங்கே ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் கேட்டால் முழுக்க இதுதான் ஓடும். "ஹி ஹேஸ் பீன் ஆன் ஆக்சிஜன் சின்ஸ் மார்னிங்" என்றால் இப்போதும் ஆக்சிஜனில் இருக்கிறார். "ஹி வாஸ் ஆன் ஆக்சிஜன் திஸ் மார்னிங்" என்றால் காலையில் இருந்தது, இப்போது எடுத்துவிட்டோம் போல என்று புரிந்துகொள்வார்கள். "ஹி ஹேட் பீன் ஆன் ஆக்சிஜன்" என்று நிறுத்தினால் எல்லாரும் உன் முகத்தைப் பார்ப்பார்கள். எதுவரைக்கும், அப்புறம் என்ன ஆனது என்று கேட்பார்கள்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது "ஹி இஸ் ஆன் ஆக்சிஜன் சின்ஸ் மார்னிங்". தமிழில் "காலையிலிருந்து ஆக்சிஜன்ல இருக்காரு" என்று நிகழ்காலத்திலேயே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கிலீஷில் "சின்ஸ்" வந்தால் "இஸ்" போய் "ஹேஸ் பீன்" ஆக வேண்டும். "காலையிலிருந்து டிரிப் ஓடிக்கிட்டிருக்கு", "நேத்திலிருந்து காய்ச்சல் அடிக்குது" எல்லாவற்றுக்கும் இதுதான். எழுதும்போது மட்டுமில்லை, வார்டில் பேசும்போதே இப்படிச் சொல்லிப் பழகு.

டாக்டர் வந்து கேட்கிற கேள்விகளையும் கவனி. "ஹேஸ் ஷி ஈட்டன்?" என்றால் இந்த வேளை சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். "ஹேட் ஷி ஈட்டன்?" என்றால் விழுவதற்கு முன்னாலோ ஆபரேஷனுக்கு முன்னாலோ சாப்பிட்டிருந்தாரா என்று கேட்கிறார். இரண்டுக்கும் பதில் வேறு. இன்சுலின் கொடுக்கிற நேரத்தில் முதல் கேள்விக்கு இரண்டாவதன் பதிலைச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

லிஸனிங் ஓரளவு வருகிறது என்றாயே, அங்கேயும் இது ஒளிந்திருக்கும். "ஹீஸ் பீன்" என்று வேகமாகச் சொல்லும்போது அது "ஹி ஹேஸ் பீன்". "ஹீஸ் கன்ஃப்யூஸ்ட்" என்பது "ஹி இஸ்". "ஹீட் டேக்கன்" என்பது "ஹி ஹேட்". அந்த ஒற்றை எழுத்துச் சத்தத்தை விட்டுவிட்டால் காலமே மாறிவிடும். ஆனால் கடிதத்தில் இப்படிச் சுருக்கி எழுதிவிடாதே, முழுசாக எழுது.

பயப்படாதே. பிரிட்டன் நர்ஸிங் கவுன்சிலுக்கு ரைட்டிங்கில் 300 போதும், மற்ற மூன்றில்தான் 350 கேட்கிறார்கள். அதற்காக ரைட்டிங்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடவும் செய்யாதே.

கொளச்சல்காரன்:

டி லனாய் எங்கள் கடற்கரையில் மாட்டியவர் என்பதால் நானும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். வளைகுடாவில் ஒரு இன்டர்வியூவில் "ஐ ஹேவ் கான் டு துபாய்" என்றேன். எதிரே இருந்தவர் சிரித்தார். ஹேவ் சரிதானே சார்?

தக்கலை_ஓய்வு_வாத்தியார்:

ஹேவ் சரி தம்பி, "கான்"தான் சிரிக்க வைத்தது. "ஹேஸ் கான் டு துபாய்" என்றால் போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போய்த் திரும்பியவர் "ஐ ஹேவ் பீன் டு துபாய்" என்று சொல்ல வேண்டும். நீங்களோ அவர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஆள் தேடி வருபவரிடம் வீட்டம்மா "ஹி ஹேஸ் கான் டு துபாய்" என்று சொல்லலாம்.

அப்படியே கடல் விஷயத்தில் ஒன்று. 2017 ஒக்கிப் புயலைப் பற்றி இங்கிலீஷ் பேப்பரில் வந்த வாக்கியங்கள் ஹேட்டுக்கு நல்ல பாடம். எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. "மெனி போட்ஸ் ஹேட் ஆல்ரெடி கான் டு சீ வென் தி வார்னிங் கேம்." இதில் ஹேட்டை எடுத்துவிட்டு "மெனி போட்ஸ் வென்ட் டு சீ வென் தி வார்னிங் கேம்" என்று எழுதினால், எச்சரிக்கையைக் கேட்ட பிறகு கடலுக்குப் போனார்கள் என்று ஆகிவிடும். குற்றம் மீனவர்கள் தலையில் விழுந்துவிடும்.

குலசேகரம்_நர்ஸ்:

சார், அக்கா, ரொம்ப நன்றி. மதியம் டியூட்டி முடிந்து வந்து அந்தப் பத்தியைத் திரும்ப எழுதினேன். பாருங்கள்:

"ஹி ஹேஸ் ஹேட் டயபெட்டிஸ் சின்ஸ் 2012. ஹி வாஸ் அட்மிட்டட் ஆன் 3 மார்ச் ஃபார் ஹெர்னியா சர்ஜரி. ஹி ஹேட் நோட்டீஸ்ட் எ ஸ்வெல்லிங் சிக்ஸ் மந்த்ஸ் பிஃபோர் அட்மிஷன். வார்ஃபரின் ஹேட் பீன் ஸ்டாப்ட் ஃபைவ் டேஸ் பிஃபோர் சர்ஜரி அண்ட் ஹேட் பீன் ரீஸ்டார்ட்டட் ஆன் 5 மார்ச். தி டிரெஸ்ஸிங் ஹேட் பீன் சேஞ்ச்ட் டுடே."

ஒரு சந்தேகம். "ஆல்ரெடி", "ஜஸ்ட்" வந்தால் கண்டிப்பாக ஹேவ் போட வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இன்னொரு வீடியோவில் ஒரு அமெரிக்கர் "ஐ ஜஸ்ட் ஏட்" என்கிறார். எது சரி?

தக்கலை_ஓய்வு_வாத்தியார்:

இரண்டும் சரி மக்களே. அமெரிக்கர்கள் "ஜஸ்ட்", "ஆல்ரெடி", "யெட்" மூன்றோடும் சாதாரண பாஸ்டைத் தாராளமாகப் போடுவார்கள். பிரிட்டன்காரர்கள் அதிகமும் "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்" என்பார்கள். நீ போக நினைப்பது பிரிட்டன் என்றால் ஹேவ் வைத்தே எழுது.

பத்தியில் முதல் மூன்று வாக்கியமும் நன்றாக வந்திருக்கிறது, தொட வேண்டாம். நாலாவதில் நிறுத்தியது சரி. ஆனால் மறுபடி ஆரம்பித்தது ஆபரேஷனுக்குப் பிறகு, தேதியும் இருக்கிறது. அங்கே ஹேட் நிற்காது. "அண்ட் வாஸ் ரீஸ்டார்ட்டட் ஆன் 5 மார்ச்". ஹேட் ஒன்றைப் போட்டதும் அந்த வேகத்தில் அடுத்ததற்கும் கை போய்விடுகிறது, அதைக் கவனி.

டிரெஸ்ஸிங் இன்றைக்கு மாற்றியது. இன்றில் நின்று இன்றைப் பற்றிச் சொல்கிறாய், பின்னால் போக இடமே இல்லை. "ஹேஸ் பீன் சேஞ்ச்ட் டுடே" என்று எழுது. "வாஸ் சேஞ்ச்ட் டுடே" என்றாலும் ஏற்றுக்கொள்வார்கள். "டுடே" முடியாத நாள் என்பதால் அதற்கு மட்டும் இந்தச் சலுகை. "யெஸ்டர்டே"வுக்குக் கிடையாது.

அப்புறம் காயம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே? கடிதத்தை வாங்குகிற நர்ஸ் முதலில் தேடுவது அதைத்தான். "தி வூண்ட் இஸ் ட்ரை" என்று சாதாரண ப்ரெசன்டில் எழுதிவிட்டு, அடுத்த டிரெஸ்ஸிங் என்றைக்கு என்பதையும் சேர்.